எல்லா வண்டியும் பிரேக் போட்ட வளைவு

போன மாசி மாதம் ஒரகடத்தில் நடந்தது இது. நாங்கள் அங்கே ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறோம். காலையில் படப்பை, சேரப்பணஞ்சேரி பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் கம்பெனியில் விட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரு வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். மற்ற வண்டிகளுக்கு டிரைவர் பிடிப்பது, டீசல், ரிப்பேர், கம்பெனியோடு சண்டை எல்லாம் என் பொறுப்பு. சண்டை எனக்கு நன்றாக வரும்.

எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டியாக வேண்டும் என்று கம்பெனி சொன்னபோதே எனக்கு எரிச்சல். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளிந்துகொண்டு, வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எங்கே பிரேக்கை ஓங்கி மிதித்தான், இன்ஜினை அணைக்காமல் எவ்வளவு நேரம் தூங்கினான் என்று எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சொல்லிவிடும். பொய் சொல்லக் கூடாது, அதனால் நன்மையும் இருந்தது. டீசல் மிச்சமானது. வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்துவிட்டுப் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள், வெயிலில் நிற்கவில்லை. ஆனாலும் அது நம்மை நம்பாமல் வைத்த ஒற்றன் என்றுதான் நினைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு தரம் டிரைவர்களுக்கு அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கொடுக்கும். தொடர்ந்து சிவப்பு வந்தால் ஆளை வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள்.

சிவப்பு வந்தது யாருக்குத் தெரியுமா? எங்களிடம் இருப்பதிலேயே நல்ல டிரைவருக்கு. ஐம்பது வயது தாண்டியவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஷிப்டு முடிந்து கேட் திறந்ததும் முதலில் வெளியே வருவது அவர் வண்டிதான். மூத்தவர் வண்டி முன்னால், மற்றதெல்லாம் வரிசையாகப் பின்னால். கம்பெனி போட்ட சட்டம் இல்லை அது, டிரைவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட மரியாதை.

டிரான்ஸ்போர்ட் ஆபீசர் போன் செய்தார். "மேடம், இந்த வாரமும் ரெட்டு. சடன் பிரேக், சடன் பிரேக். அவர் அடிச்சா பின்னாடி வர்ற வண்டிங்களும் அடிக்குது. ஆளை மாத்திடுங்க."

"ரோட்டுல ஆட்டோ குறுக்க வந்தா இன்னா பண்ணணும் சார்? அது மேலயே ஏத்தச் சொல்றீங்களா? பொட்டி சொல்லுதுன்னு ஆள அனுப்பிடுவீங்களா?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

வைத்துவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. வண்டி கழுவிக்கொண்டிருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாண்ணா ஆச்சு? எதுக்கு அந்த மிதி மிதிக்கிற?" என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சாயங்காலத்துல திடீர்னு எல்லாம் வெள்ளையா பூடுது தங்கச்சி. ஒண்ணுமே தெரில. அப்புறம் செரியாயிடுது. கண்ணு பூட்ச்சு போல கீது. வெளிய சொல்லிடாத. கண்ணு டெஸ்டுல பெயிலானா வண்டி ஓட்டற பேட்ஜு போயிடும். இத்த வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வண்டி நெறைய பொண்ணுங்கள வெச்சிகினு கண்ணு தெரியாம ஓட்டினியா?" என்று அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார். நானும் கூப்பிடவில்லை. வண்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டேன்.

மறுநாள், ஆளை மாற்றியாயிற்று என்று சொல்வதற்காகக் கம்பெனிக்குப் போனேன். ஆபீசர் மீட்டிங்கில் இருந்தார். ஸ்கிரீன் பார்க்கும் பெண் மட்டும் இருந்தாள், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அவசரப்படாதீங்கக்கா. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இங்க வந்து பாருங்க."

அன்றுதான் அந்த ஸ்கிரீனை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். சுவர் அகலத்துக்கு இருந்தது. நான் தினமும் அலைகிற ரோடு எல்லாம் அதில் கோடு கோடாக இருந்தது. கோடுகள்மேல் சின்னச் சின்ன அம்புக்குறிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வண்டி. அதில் ஒன்று டீசல் போட பங்க்குக்குள் திரும்புவதைப் பார்த்தேன், அது எங்கள் வண்டி! ஏதோ வானத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரகடத்தைக் குனிந்து பார்ப்பது போல இருந்தது. திட்ட வந்தவள் வாயைத் திறந்தபடி நின்றேன்.

அவள் ஒரு மாத பிரேக்கை எல்லாம் சிவப்புப் புள்ளிகளாகப் போட்டுக் காட்டினாள். எங்கள் வண்டி மட்டும் இல்லை, மற்ற கான்ட்ராக்டர்களின் பஸ், வேன் எல்லாம். புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. சேரப்பணஞ்சேரிக்கு முன்னால் ஒரு வளைவில் மட்டும், குங்குமத்தைக் கொட்டியது போலக் குவிந்திருந்தது.

"அந்த அண்ணன் லீவு போட்ட நாள மட்டும் தனியா எடுத்துப் பாக்கேன்க்கா. அப்பவும் இருக்கு, பாருங்க. காலையில ஒண்ணுங் கிடையாது, எல்லாம் சாயங்காலந்தான். அதுவும் வீட்டுக்குப் போற பக்கம் மட்டுந்தான்."

புள்ளிகளுக்குரிய வண்டி நம்பர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் என் வீட்டுக்காரர் வண்டியும் இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை அந்த மனுஷன்.

அன்று சாயங்காலம் அவர் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "நீ எதுக்கு?" என்றார். "சும்மாதான், நீ ஓட்டு" என்றேன். சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே கண் கூசுவதற்கு ஒன்றுமே இல்லை. வண்டி வளைவில் திரும்பியது.

அவ்வளவுதான். உலகமே வெள்ளையாகிவிட்டது. ரோடு இல்லை, முன்னால் போன வண்டி இல்லை, என் கை எனக்குத் தெரியவில்லை. பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் பெண்கள் அலறினார்கள். பார்வை திரும்பியபோது எங்கள் பம்பருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்த ஒரு பெண் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உறைந்து நின்றாள். உயிர் வந்ததும் திட்ட ஆரம்பித்தாள். "கண்ணு கீதா இல்லியாய்யா ஒனக்கு? வூட்டுல கயட்டி வெச்சிட்டு வந்தியா?"

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "எனக்குத்தான் கண்ணு பூட்ச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

"எனக்கும்தான் பூட்ச்சு. எறங்கு கீழ" என்றேன்.

இறங்கிப் பார்த்தோம். ரோடு வளைகிற இடத்துக்கு நேரெதிரில் ஒரு புதுக் கட்டடம். பொங்கலுக்குத்தான் அதன் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்து முடித்திருந்தார்கள். நம் முதுகுக்குப் பின்னால் இறங்கும் சூரியன் அந்தக் கண்ணாடியில் பட்டு, எதிரே இன்னொரு சூரியனாக வந்து நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளிச்சம் ரோட்டைவிட்டு விலகியது. பிறகு அது வெறும் கண்ணாடிதான். பகலில் யார் வந்து நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

மறுநாள் டீக்கடையில் டிரைவர்களை எல்லாம் நிறுத்தி, "யார் யாருக்குக் கண்ணு பூட்ச்சு? கையத் தூக்குங்க" என்றேன். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கை, இன்னொரு கை, கடைசியில் எல்லாக் கையும். ஒருவர் யாருக்கும் தெரியாமல் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாராம். ஒருவர் பச்சை கேரட்டாகத் தின்றாராம். ஒருவர் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாராம். "ஏன்யா, ஒரே பெஞ்சில ஒக்காந்து டீ குடிக்கிறீங்க, ஒருத்தனாவது வாயத் தொறக்கக் கூடாதா?" என்றால், டீக்கடைக்காரர் சொல்கிறார்: "தொறப்பாங்கம்மா, கடன் கேக்கறதுக்கு மட்டும்." பேட்ஜ் போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் குருடாகிறோம் என்று தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாவியை நீட்டினேன். "ஒன் கண்ணு நல்லாத்தான் கீது, வா" என்றேன். அவர் நம்பவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார் மனுஷன்.

ஆபீசரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அவர் ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அந்த வளைவுக்கு முன்னாலேயே எல்லா வண்டியிலும் பெட்டி கத்தும்படி செய்தார். அந்தக் கட்டடத்துக்காரர்களிடமும் பேசினார். அவர்கள் கண்ணாடிமேல் பச்சை வலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அந்தத் திருநெல்வேலிப் பெண் இன்னொன்று காட்டினாள். அந்த மாதத்தில் வண்டி ஓடிய நாட்களில் ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் வளைவில் ஒரு புள்ளிகூட இல்லை. "இது ஏன்னு தெரியுதாக்கா?" என்றாள். எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க மேகமூட்டம், துவைத்துப் போட்ட யூனிபார்ம் காயவில்லை என்று வீட்டில் சத்தம் போட்டேன். அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. சூரியன் என்றால் என்ன, மேகம் என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த நாளின் மேகம் அதற்குள் இருந்தது.

ஒரு வாய்கூடச் சொல்லாததை அத்தனை கால்களும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன, பெட்டி அதைக் கூட்டி வைத்திருக்கிறது. இப்போதும் நான் கத்துகிறவள்தான். ஆனால் யாராவது தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் என்னால்தான் என்று வந்து நின்றால், இது வேறு யாருக்கெல்லாம் ஆகிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.