டீ வாங்கினால் இன்டர்நெட் இலவசம்

பெருமாள்சாமி அண்ணாச்சிக்கு வாயைவிடக் கை முந்தும். தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்கிய காலத்தில், கேலி பேசிய மேஸ்திரியின் மூக்கை உடைத்துவிட்டு வேலையை விட்டவர். அப்புறம்தான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி போட்டார். அங்கே பதினோரு வருஷம் டீ மாஸ்டராக இருந்தவன் நான். என் இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அதுவும் அவர் கை வேலைதான்.

2009இல் கடைக்கு வைஃபை வந்தது. காலேஜ் பையன்கள் ஒரு டீகூட வாங்காமல் நாள் முழுக்க பெஞ்சைத் தேய்த்தார்கள். ஒருத்தன் விரல் மேலேயே லேப்டாப்பை அறைந்து மூடினார் அண்ணாச்சி. இன்னொருத்தனைச் சட்டையோடு பிடித்து ரோட்டில் தள்ளினார். மறுநாள் போர்டு தொங்கியது: ‘டீ வாங்கினால் இன்டர்நெட் இலவசம்.’ போர்டை நான் குறை சொல்ல மாட்டேன். கடை என்ன சத்திரமா?

அந்த செப்டம்பரில் ஒருநாள் மதியம் ஊரே கரண்ட் கட். பிரவுசிங் சென்டரெல்லாம் இருட்டு. இன்வெர்ட்டர் ஓடியது எங்கள் கடையில்தான். தௌசிப் என்ற வாலிபன் லேப்டாப்போடு ஓடி வந்தான். பேங்க் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றைக்கு ஐந்து மணியோடு கடைசி என்றான். டீ வாங்கி மேஜையில் வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தான். டீயைத் தொடவே இல்லை. ரம்ஜான் மாதம் என்பதால் எனக்குப் புரிந்துவிட்டது.

நாலரைக்கு அண்ணாச்சி பார்வை அந்த கிளாஸில் விழுந்தது. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“ஏலே, என் கடை டீ என்ன வெசமாலே?”

“இல்ல அண்ணாச்சி, நான் நோன்...”

அறைந்த அறையில் உதடு கிழிந்தது. லேப்டாப் தரையில் விழுந்து திரை நொறுங்கியது. ஒரு கையால் அவன் தாடையை நெரித்துப் பிடித்து, ஆறிய டீயை வாயில் ஊற்றினார். “குடிலே! குடி!”

நான் பால் கரண்டியோடு நின்றேன். இரண்டு எட்டு வைத்திருந்தால் தடுத்திருக்கலாம். வைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்காது.

தௌசிப் விழுங்கவில்லை. கன்னம் உப்ப வாசல்வரை நடந்து, சாக்கடையில் துப்பினான். டீயோடு ரத்தமும் போனது.

“வாங்கணும்னுதான் போர்டுல இருக்கு அண்ணாச்சி. குடிக்கணும்னு இல்லியே. நான் நோன்பு.”

உடைந்த லேப்டாப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த வேலையும் அதோடு போயிற்று.

ஆறரைக்கு, அந்த மாதம் முழுக்க வருகிற மாதிரி, பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. தினமும் அதை ஒரே மூச்சில் குடிப்பவர் அண்ணாச்சி. ஆறரைக்குக் கஞ்சி குடிக்கிற மனுஷனுக்கு நாலரைக்கு நோன்பு நினைவில்லை. அன்றைக்கு கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறி ஆடை கட்டியது.

“அண்ணாச்சி, கஞ்சி என்ன வெசமா?”

அடி விழும் என்று தெரிந்தேதான் கேட்டேன். அவர் கை எழவில்லை.