தாத்தாவுக்கு நான் வாசித்த தேதி

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் சுக்கு வாசனை இன்னும் போகவில்லை. கிட்டங்கிகள் பாதிக்கு மேல் துணிக்கடையும் காப்பிக்கடையுமாக மாறிவிட்டன. வாசனை மட்டும் சுவரை விட்டு இறங்க மறுக்கிறது. போன வாரம் அந்த வழியாகப் போனவள், மூக்கு இழுத்த பக்கம் நடந்து பழைய சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போகாமலே இருந்திருக்கலாம்.

எதிரே இருந்த கிட்டங்கியில்தான் தாத்தா சுக்கு மூட்டைகளுக்கு வாய் தைத்தார். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே தோப்பும்படிக்கு மீன் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி விட்டால் எனக்கு வீடு என்பது தாத்தாவின் கோணிப் பக்கம்தான். தும்மித் தும்மியே வீட்டுப்பாடம் எழுதினேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பெரியவர்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எனக்கோ அப்போது தமிழ் எழுத்தே தெரியாது, பள்ளியில் படித்தது மலையாளம்தான். ஆக, எட்டு வயதில் வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் வாசித்துச் சொல்கிற பெரிய அதிகாரி நான்தான். தாத்தா கையைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டுவார். கூலி ஒரு பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. அந்தக் கர்வத்தில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்படி ஒருநாள், தாத்தா கண்ணைக் காட்டிவிட்டு வந்திருந்த இலவச முகாமிலிருந்து கடிதம் வந்தது. கண்ணில் அழுத்தம் இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று. அதே ஞாயிறுதான் என்னைக் கும்பளங்கிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அங்கே அவருடைய கூட்டாளி, காயல் கரையில் நிறுத்தித் தூக்கி இறக்கும் பெரிய சீனவலையின் கயிற்றை என்னையும் பிடித்து இழுக்க விடுவாராம். நான் தாளைப் பார்த்தபடி, மூச்சு விடாமல், "அடுத்த மாசம் வரச் சொல்லிருக்கு தாத்தா" என்றேன்.

போனோம். கயிற்றில் தொங்கினேன். வலையில் நாலு மீனும் ஒற்றைச் செருப்பும் ஏறி வந்தன. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதம் முகாம் இல்லை. வேறு இடத்தில் காட்டுவதற்குள் இடது கண் பார்வை போய்விட்டது. அதன்பின் கோணி ஊசி சாக்கைவிட அவர் விரலில்தான் அதிகம் ஏறியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்த அன்றும் சொல்லவில்லை.

சாயாக்கடைச் சேட்டனுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். என்னை அடையாளம் கண்டு தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சாயா ஆற்றியவர், ஊர்க்கதை மாதிரி அதையும் சொன்னார். "நீ மூச்சு விடாம வாசிச்சதுல சந்தேகம் வந்து, ஆ கடுதாசிய என்கிட்ட கொண்டுவந்தாரல்லோ. ஞாயிறாழ்ச்சன்னு நான் வாசிச்சேன். 'புள்ள ஆசப்பட்டுட்டா, அவகிட்ட சொல்ல வேண்டாம்'னார், மோளே."

இருபத்தைந்து வருடம் நான் ஒளித்து வைத்திருந்தது அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பஸ் ஏறியிருக்கிறார், தெரிந்துதான் அந்தச் செருப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாத் தாளையும் உங்களிடம்தான் கொண்டுவந்தாரா என்று கேட்டேன்.

"இல்ல மோளே. அது ஒண்ணுதான். பின்னே எல்லாம் நீயல்லோ வாசிச்சது."

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு. இந்த மாதத்தோடு சேட்டனும் கடையை மூடுகிறார். வீட்டுக்குக் கடிதம் என்று எதுவும் வருவதில்லை, எல்லாம் போனில்தான். இனி யாராவது ஒரு தாளை நீட்டினால் தேதியைச் சரியாக வாசித்துவிடுவேன். நீட்டத்தான் ஆளில்லை.