சித்தி கடலையை நிறுத்திய தீபாவளி

என் சித்தி கடலை சாப்பிடுவதை நிறுத்தியது என்னால்தான். கேட்பவர்களுக்கு இது ஒரு குற்றமாகவே தோன்றாது. ஆனால் இந்த வயதில் என்னை வேறெதுவும் இப்படி அரிப்பதில்லை.

எழுபதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தாள். சோறு அவளுக்குப் பிடிக்கும். இனிப்பான டின் பால் ஊற்றிய தேநீர் அதைவிடப் பிடிக்கும். இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. ஒருநாள் கிளினிக்கிலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள். இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. அவளுடைய அப்பா சர்க்கரை நோயில் கண்ணை இழந்து, சுவரைத் தடவித் தடவி நடந்து செத்தவர். அவருக்குச் சோறு ஊட்டியவள் சித்திதான்.

சோற்றைக் குறைத்துக்கொண்டு கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு சாப்பிடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பசி தாங்குமாம், சர்க்கரை மெதுவாக ஏறுமாம், வயிற்றுச் சதையும் குறையலாமாம். அன்று மாலையே பாசாரில் கடலை வாங்கி ஊறவைத்தாள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஜப்பான்காரன் ஆண்ட காலத்துலதான் சோறு இல்லாம கெடந்தோம். இப்ப உனக்கு என்னா வந்துச்சு?"

"கண்ணு வேணும்க்கா" என்றாள் சித்தி.

சில வாரங்களில் அவளுடைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதை எல்லோரிடமும் காட்டினாள். ஆனால் பயறுக்குப் பழகாத வயிறு. மாலையானால் உப்பிக்கொள்ளும், சில சமயம் காற்றை அடக்க முடியாமலும் போகும். எங்கள் வீட்டுப் பலகைச் சுவர் எந்தச் சத்தத்தையும் மறைக்காது.

"கிள்ளான் பஸ் கெளம்பிடுச்சுலா" என்பார் சித்தியின் அண்ணனான மாமா.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்கண்ணே" என்பாள் சித்தி.

அண்ணன் தங்கைக்குள் அது வேடிக்கை. அதோடு போயிருக்கும்.

தீபாவளிக்குச் சித்தியின் அலுவலகத்தார் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், "என்னா இப்படி எளச்சிட்டே, என்னா ரகசியம்?" என்று கேட்டாள். சித்தி வெட்கத்தோடு சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் நடுவில் போய் நின்றேன்.

"கடலை ஆன்டி. உள்ள கடலை போட்டா சாயங்காலம் கிள்ளான் பஸ் ஓடும்லா. கேக்கறீங்களா?"

கண்டக்டர் மாதிரி கையைத் தூக்கி, உதட்டைக் குவித்து அந்தச் சத்தத்தை எழுப்பினேன். கூடமே அதிர்ந்தது. ஒருவருக்கு முறுக்கு புரையேறியது. இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள், செய்தேன். சித்தியும் சிரித்தாள். என் காதைச் செல்லமாகத் திருகிவிட்டு எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள், டின் பால் விட்டு.

மறுநாள் கடலை ஊறவில்லை. விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது, பஸ் வந்துவிட்டதா என்று அலுவலகத்தில் யாரோ கேட்டார்களாம். அதன் பிறகு அவள் ஒரு பயற்றைக்கூடத் தொடவில்லை.

"இப்பத்தான் மனுஷி மாதிரி சாப்புடுறா" என்று அம்மா நிம்மதியடைந்தாள்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது சித்தியின் கால்விரல்களை எடுத்தார்கள். பிறகு பார்வை போனது. கடைசியில் சிறுநீரகம். அவள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் கழித்துத்தான் ஒரு விஷயம் படித்தேன்: பயறு சாப்பிடத் தொடங்குகிறவர்களில் பலருக்குச் சில வாரங்களில் வயிறு பழகி, அந்த உப்புசம் தானாகவே குறைந்துவிடும். அவள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் போதும். கடலை அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களைக் கேட்டால் அவர்களும் உறுதியாகச் சொல்வதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்த ஒரே காரியம் அது என்பது மட்டும் தெரியும்.

அன்று அந்தக் கூடத்தில், எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.