பதினைந்து மணி நேர ஓட்டம்

ஹட்டன்–மஸ்கெலியா பாதையில் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். எந்த ஊர் எத்தனை மைல் என்று கேட்டால் விழிப்பேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டால் நிமிஷம் பிசகாமல் சொல்வேன். புறப்பட்ட நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் டைம் கீப்பரின் புத்தகத்தில் பதிந்து பதிந்து வந்த பழக்கம் அது.

மகளுக்கு மெல்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. படிக்கப் போனது அவள்தான் முதல். என் பஸ்ஸில் ஏறிய யாரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் இறங்கியதில்லை.

அவளுடைய விமான டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கொழும்பில் இரவு பன்னிரண்டரைக்குப் புறப்பாடு. மெல்பனில் பிற்பகல் மூன்றரைக்கு வருகை. கழித்தேன்: பதினைந்து மணி நேரம். மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு மூன்று தடவை போகிற நேரம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் நேரம் பார்த்து ஓட்டியவன் ஏன் கேட்க வேண்டும்? லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

வேன் பிடித்துப் போய் வழியனுப்பிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினோம். மனைவி அன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. வாசலில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் கூடி, பிள்ளை இப்போது எங்கே போயிருப்பாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கடலுக்கு மேலேதான், மூன்றரைக்குத்தான் இறக்குவான் என்று, ஏதோ நானே ஓட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. மகள்.

கடிகாரத்தைப் பார்த்தேன்; மூன்றரைக்கு இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எங்கள் பாதையில் மண் சரிந்து விழுந்தால் பஸ்ஸைப் பாதியில் திருப்புவோம். வண்டி பழுதானால் ஆட்களை நடுவழியில் இறக்கிவிடுவோம். மற்றபடி நாலு மணி நேரம் முந்திப் போய்ச் சேர்ந்த வண்டியை நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்தே மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கம்மா எறக்கி விட்டுட்டாங்க? பிளேனுக்கு என்னாச்சு?"

"மெல்பன்லதாம்பா. இங்க இப்ப மணி நாலாகப் போகுது."

அங்கே சூரியன் நமக்கு முந்தி உதிக்கிறது, கடிகாரம் நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பறந்தது பத்தரை மணி நேரம்தான் என்று பொறுமையாக விளக்கினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வாசலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவர் வேண்டுமென்றே இருமினார். என் மானம் கப்பலேறிவிட்டது.

மனைவிக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. பிளேனில் பயந்தாயா என்று மட்டும் கேட்டாள்.

"நடுவுல ரொம்ப ஆடுச்சும்மா. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சாமியக் கும்பிட்டாங்க. நான் தூங்கிட்டேன். அப்பா பஸ்ஸுல பள்ளிக்கூடம் போனவ நான். எனக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

வாசலில் சிரிப்பு அடங்க நேரமானது. இது உன் ஓட்டத்துக்குப் பாராட்டா, பழிப்பா என்று இருமியவரே கேட்டார். பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த மலைப் பாதை வளைவுகளில், என் இருக்கைக்குப் பின்னால் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி அவள் தூங்கி வருவாள். நான் கண்ணாடியில் பார்ப்பேன். பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று பிரேக்கை மெல்ல மிதிப்பேன். பாராட்டுத்தான் என்று அவரிடம் சொன்னேன்.