சின்ன காஞ்சிபுரத்தில் எந்தத் தெரு?

காஞ்சிபுரத்தில் பெரியது, சின்னது என்று இரண்டு உண்டு. நான் சின்னது. ஊரைச் சொன்னால் சென்னையில் பட்டுப்புடவை கேட்பார்கள். என் மனைவியிடமே ஒன்று கிடையாது.

அவள் மாசமாக இருந்தபோது சென்னையில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரர் ஊரைக் கேட்டதும் மலர்ந்தார்.

"வரதர் ஊராச்சே. இந்தாங்கோ, சாவியைப் பிடிங்கோ."

மனைவி உள்ளே போய்த் தொட்டில் கட்ட இடம்கூடப் பார்த்துவிட்டாள்.

"சன்னிதித் தெருவா, மாடவீதியா?"

"ஆத்துக்கு அந்தாண்ட காலனி, சார். தேர்கூட எங்க பக்கம் திரும்பாது. அவ்ளோ அமைதி."

அவர் சிரிக்கவில்லை. டெல்லியிலிருந்து அண்ணன் மகன் குடிவரப்போவது திடீரென்று அவருக்கு நினைவு வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பெரிய காஞ்சிபுரம்னு சொல்லியிருக்கலாம்லங்க?" என்றாள் மனைவி, படியிறங்கும்போது.

"அங்கயும் தெரு இருக்குதேமா."

இன்றும் யாராவது ஊரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். தெருவைக் கேட்பதற்குள் சிரித்தால்தான் உண்டு.