கட்டத்துக்குள் இருந்த எண்

வேகமாகக் கணக்குப் போட்டு முடிக்கிற பிள்ளைக்கு நம் பள்ளிக்கூடங்கள் ஒரு பரிசு வைத்திருக்கின்றன: மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற வேலை. சாயர்புரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஜெபசுதாவுக்கு அந்தப் பரிசு தினமும் கிடைத்தது. முதல் ஆளாக முடித்துவிட்டு, “அடுத்த கணக்கு என்ன சார்?” என்று போய் நிற்பாள். நாற்பது நோட்டைத் தூக்கிக் கையில் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பட்டதெல்லாம் நினைவிருக்கிற மனுஷி என்ன செய்திருக்க வேண்டும்? ஆனால் தனக்குச் செய்ததையேதான் அவளும் செய்தாள். ஆறாம் வகுப்பு இசக்கிசெல்வி மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டு நின்றால், நோட்டுக் கட்டை அவள் தலையில் கட்டினாள்.

ஒருநாள் அந்தப் பெண் நோட்டைத் திருத்தாமல் ஜன்னல் வழியே சாலையில் போகிற கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசுதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். பின்பக்கம் முழுக்க கண்டெய்னர் நம்பர்கள்.

“டீச்சர், எல்லாப் பெட்டியிலயும் நாலு எழுத்து, ஆறு நம்பர் இருக்கு. அதுக்கப்புறம் ஒரே ஒரு நம்பர மட்டும் கட்டம் போட்டு வச்சிருக்காங்க. அது எதுக்கு?”

ஜெபசுதா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்தப் பெட்டிகளின் தூசியைத் தின்று வருகிறாள், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. “தெரியலையேளா” என்றாள். சொன்னதும் வெட்கத்துக்குப் பதில் ஒரே குஷியாக இருந்தது.

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. இசக்கிசெல்வி, டிக்சன், அனுஜா என்று சும்மா உட்கார முடியாத ஆறு பிள்ளைகள். பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. போனில் தேடிப் பார்க்கவும் கூடாது. அந்த விதி டீச்சருக்கும் உண்டு. காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, போகிற வருகிற லாரியில் இருந்த நம்பரையெல்லாம் எழுதினார்கள். ஒரே கம்பெனிப் பெட்டிகள் அடுத்தடுத்த எண்களோடு வரிசையாக வந்த நாளில் நூல் நுனி கிடைத்தது. 41இல் முடிகிற பெட்டியின் கட்டத்தில் 3. 42க்கு 9. 43க்கு 4.

“ஆறு ஆறா கூடுது டீச்சர்! பதினொண்ணைத் தாண்டினா பதினொண்ணக் கழிச்சிருதாங்க!” என்றாள் அனுஜா.

ஆனால் 44க்கு 10 வர வேண்டிய இடத்தில் 0 இருந்தது. ஒரு வாரம் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை இசக்கிசெல்வி கேட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள்: “கட்டத்துக்குள்ள ஒரு நம்பருக்குத்தான் இடம் இருக்கு! பத்த எப்படி எழுதுவாங்க?” அதன் பிறகு பிடித்தது வேகம். கடைசி இலக்கத்துக்கு ஆறு என்பதுபோல ஆறு இடத்துக்கும் ஒவ்வொரு பெருக்கு எண் கண்டுபிடித்து, அந்தக் கம்பெனிப் பெட்டி எதுவானாலும் கட்டத்து எண்ணைப் பார்க்காமலே சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளர் எபனேசரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு, உதவித்தொகைத் தேர்வுக்குக் கோச்சிங் நடத்த வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. பக்கத்துப் பள்ளியில் பதினோரு பேர் பாஸ், இங்கே ரெண்டு பேர் என்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஜெபசுதா அந்தத் தாளை ரெண்டு தடவை படித்தாள். இசக்கிசெல்வியிடம் இனி என்ன சொல்வது, திரும்பவும் நோட்டுக் கட்டையா?

“ஒரு தடவ வந்து பாருங்க சார். அப்புறம் நிறுத்துங்க” என்று கெஞ்சினாள்.

எபனேசர் வந்தார். அவருக்குத் துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் தொழில் என்பதால் போன் நிறையப் பெட்டி நம்பர்கள். இசக்கிசெல்வி சொன்ன அந்தக் கம்பெனியின் நாலு எழுத்தில் தொடங்குகிற ஒன்றைத் தேடி எடுத்து, கட்டத்து எண்ணை மட்டும் விட்டுவிட்டு வாசித்தார். கடைசி மூன்று இலக்கம் ஐந்து, எட்டு, மூன்று.

அவள் கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதினாள். “ஆறு!”

“ஏழு” என்றார் எபனேசர். “பரவால்ல, நெருங்கிட்ட.”

இசக்கிசெல்வி மறுபடி போட்டாள். டிக்சன் தனியாகப் போட்டான். ரெண்டு பேருக்கும் ஆறுதான்.

“சார், பெட்டியோட போட்டோ இருக்கா?”

“ஏளா, இது எங்க ஆபீஸ்ல டைப் பண்ணது.”

“பெட்டியில என்ன இருக்குன்னு பாருங்க சார்.”

சிரித்துக்கொண்டேதான் பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டிலிருந்து வந்த போட்டோவைத் திறந்தார். பெரிதாக்கினார். சிரிப்பு நின்றது. பெட்டியில் இருந்தது எட்டு, ஐந்து, மூன்று; அதைப் போட்டால் கட்டத்து ஏழு சரியாக வரும்.

“மாத்தி அடிச்சிருக்கான்!” என்று எழுந்தே விட்டார். “இது திங்கக்கிழமை ஹார்பர் கேட்டுக்குப் போயிருந்தா பெட்டி அங்கனயே நின்னிருக்கும்!” பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். அந்தக் கட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அவர் வாயாலேயே பதில் வந்துவிட்டது: எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுக்க.

“யாரு டீச்சர் இதச் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் இல்ல சார். எனக்கே தெரியாதே.”

எபனேசர் கரும்பலகையில் இருந்த கணக்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். “கோச்சிங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வச்சுக்கிடுவோம். சனிக்கிழமை உங்களுக்கே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி ஆபீஸ்காரனைத் திட்டிக்கொண்டே போனார்.

அடுத்த சனிக்கிழமை இசக்கிசெல்வி சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபசுதா அனுஜாவுக்கும் டிக்சனுக்கும் நடுவே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். வேறொரு கம்பெனியின் பெட்டிக்குக் கட்டத்து எண் கண்டுபிடிக்க வேண்டும். ஜெபசுதாதான் முதலில் முடித்தாள். முடித்ததும் அவள் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு டிக்சனின் நோட்டுப் பக்கம் போனது.

“டீச்சர், அத விடுங்க” என்றாள் இசக்கிசெல்வி. “உங்களுக்கு அடுத்த கணக்கு இருக்கு.”

ஜெபசுதா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“சீக்கிரம் சொல்லுளா” என்றாள்.