கேக் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஞானிகள்

1. சேர்ந்த நாள்

கண்டி நகரத்து வாசிகசாலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பும் பாதிரியார் சொல்லித் தந்த ஆங்கிலமும்தான் கையிருப்பு. காலையில் திறந்து தூசு தட்டுவது, சனிக்கிழமைகளில் பெண்கள் அறையைப் பார்த்துக்கொள்வது. இதுதான் உத்தியோகம். கதவு, அலுமாரிச் சாவிகளெல்லாம் கோத்த கொத்து என் இடுப்பில் இருக்கும். ஆண்கள் படிக்கும் பெரிய மண்டபத்துக்குள் பெண்கள் வரக்கூடாது. மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியிலுள்ள புத்தகம் வெளியே போகக்கூடாது.

புத்தகம் பிரிக்கும் முறையைச் செயலாளர் அன்றே சொல்லித் தந்தார்.

"பொம்பளை எழுதினதா? அப்ப பொம்பளைங்க ரூமுக்கு. உள்ள புரட்டிப் பாத்துக்கிட்டு இருக்காதம்மா."

அவரும் புரட்டியதில்லை. அப்படித்தான், உலகத்துப் பெண் தத்துவ ஞானிகளைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதிய தடித்த புத்தகம் கேக் செய்முறைக்கும் லேஸ் பின்னலுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

அதைத் தொட்ட ஒரே ஆள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்த ஒரு டீச்சர். லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தனியாகவே தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். மற்றத் தத்துவப் புத்தகங்களெல்லாம் அலுமாரிக்குள். அவருக்கு எட்டியது இது ஒன்றுதான். படித்ததை எனக்கும் சொல்வார். ஒரு ராஜகுமாரி, பேர்பெற்ற பிரெஞ்சு ஞானி ஒருவருக்குக் கடிதம் எழுதினாளாம்: மனதுக்கு உருவமில்லை என்கிறீர்களே, பிறகு அது கையையும் காலையும் எப்படி அசைக்கிறது? எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று.

2. தலைவரின் பேச்சு

வாசிகசாலைத் தலைவர் ஒரு புரொக்டர், கோர்ட்டு வக்கீல். உலகத் தத்துவ ஞானிகளைப் பற்றி ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் பேசினார். பெண்கள் நாங்கள் எங்கள் அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து கேட்டோம். முடிவில், இந்தத் துறையில் பெண்கள் யாருமே இல்லை, நம்முடைய அலுமாரியே அதற்குச் சாட்சி என்றார்.

டீச்சர் இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"அலுமாரிக்குள்ள இல்லை எண்டது உண்மைதான் ஐயா. இஞ்ச இருக்கினம், கேக் புத்தகத்துக்குப் பக்கத்தில."

மண்டபம் சிரித்தது. தலைவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். தவறை ஒப்புக்கொண்டு, அதை உடனே தத்துவ அலுமாரியில் வைக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்ட, செயலாளர் உள்ளே வைத்துப் பூட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டீச்சருக்கு எட்டிய ஒரே புத்தகமும் போயிற்று. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

3. கதிரை

மறு சனிக்கிழமை டீச்சர் எங்கள் அறைப் பக்கம் திரும்பவில்லை. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு நேராக மண்டபத்துக்குள் போய், அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் பத்திரிகைகளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்கள். நான் தூசித் துணியோடு போய் அலுமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் தலைவர் வந்தார். டீச்சரை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"என்னம்மா இது? பொம்பளைங்க உள்ள வரலாமா?"

"நான் தினமும் வர்றேனுங்களே ஐயா."

அவர் என்னையும் என் கையிலிருந்த துணியையும் பார்த்தார். வரலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தைப் புரட்டினார்.

சாத்தும் நேரத்தில், ராஜகுமாரிக்கு என்ன பதில் கிடைத்தது என்று டீச்சரிடம் கேட்டேன்.

"நேரான பதில் வரேல்லை. அவ திரும்பவும் கேட்டு எழுதியிருக்கிறா."

பிற்பாடு அங்கே வேலைக்கு வந்த பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பதில் வராவிட்டால் திரும்பவும் கேளுங்கள். ஆனால் திரைக்குப் பின்னால் நின்று கேட்காதீர்கள். உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து கேளுங்கள்.